முதிய நாய்க்கு ஒரு படுக்கை



முதிய நாய்க்கு ஏற்ற படுக்கையைத் தேர்ந்தெடுப்பது எவ்வாறு என்பது பற்றி ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வானொலியில் பேச வருகிறார் என்று கேட்டதும் உங்களுள் சிலர் நகைத்திருக்கக்கூடும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்றவனுக்கு நகைப்பு புதிதன்று. நகைத்து முடித்தவுடன் காது கொடுத்துக் கேட்கும் மாணவர்களையே நான் மிகுதியாகக் கண்டிருக்கிறேன். ஆகவே அச்சமின்றித் தொடங்குகிறேன்.

நான் வாழ்வது ஒரகடத்திற்கும் வாலாஜாபாத்திற்கும் இடையே, நெடுஞ்சாலையிலிருந்து சற்றே உள்ளொதுங்கிய ஒரு சிற்றூரில். ஆசிரியப் பயிற்சி முடித்து நான் இப்பகுதிக்கு வந்தபோது ஏரியும் வயலும் பனைவரிசையுமே கண்ணுக்குத் தென்பட்டன. திருப்பெரும்பூதூர் என்றால் இராமாநுசர் பிறந்த ஊர் என்பதே அப்போது எல்லாரும் சொல்லும் விளக்கம். 1998-ஆம் ஆண்டில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் கார்களைச் செய்யத் தொடங்கிற்று. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ நிசான் கூட்டுத் தொழிற்சாலை இயங்கத் தொடங்கிற்று. அவற்றைச் சுற்றி உதிரி உறுப்புகள் செய்யும் ஆலைகள் பல எழுந்தன. கண்ணாடி, டயர், கம்பி, இருக்கை என்று ஒரு காருக்கு வேண்டுவனவெல்லாம் இந்த வட்டாரத்திலேயே உருவாகின்றன. வயல் இருந்த இடத்தில் காங்கிரீட்டுத் தளமும், ஓட்டு வீடு இருந்த இடத்தில் பளபளக்கும் டைல்ஸ் பதித்த அடுக்குமாடியும் வந்துவிட்டன.

இந்த மாற்றத்தை மனிதர் பலவாறு பேசுகின்றனர். நாய்கள் பேசுவதில்லை. ஆயினும் அவற்றின் முழங்கைகளைப் பார்த்தால் செய்தி தெரியும். ஆலைகளின் வாயிலில் காவற்காரரோடு இரவெல்லாம் கண்விழிக்கும் நாய்களை அழைத்துத் தடவிப் பாருங்கள். முன்னங்காலின் முழங்கையில் மயிர் உதிர்ந்து, தோல் தடித்து, யானைத் தோல் போலக் காய்ப்பு ஏறியிருக்கும். பருத்த உடலுடைய சில நாய்களுக்கு அவ்விடத்தில் நீர் கோத்து ஓர் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கியும் இருக்கும். மண் தரையிலே குழி பறித்துப் படுத்த பிராணி, குழி பறிக்க இயலாத தரையிலே ஆண்டுக்கணக்காகப் படுத்ததன் அடையாளம் அது.

என் வீட்டு நாய்க்கு வீரன் என்று பெயர். நாட்டு நாயும் வேறேதோ பெரிய சாதியும் கலந்த பிறப்பு. பதினோராவது வயதில், ஒரு மார்கழி மாதத்தில், காலையில் எழுந்திருக்கும்போது பின்னங்கால்கள் இரண்டும் அதன் சொல்லைக் கேட்க மறுத்தன. முன்னங்கால்களை ஊன்றி, பின்பாகத்தை இழுத்து, இருமுறை சரிந்து, மூன்றாம் முறை எழுந்து நிற்கும். பத்து அடி நடந்த பிறகு நடை ஓரளவு சீர்ப்படும். கால்நடை மருத்துவர் பார்த்து, இடுப்பு மூட்டுகள் தேய்ந்துள்ளன என்றார், எடையைக் குறைக்கச் சொன்னார், மருந்து கொடுத்தார், கடைசியாக, “தரையில் படுக்க விடாதீர்கள், நல்ல மெத்தை ஒன்று ஏற்பாடு செய்யுங்கள்” என்றார். நல்ல மெத்தை என்பது யாது என்று அவர் விளக்கவில்லை. வெளியே இருபது பேர் ஆட்டுடனும் மாட்டுடனும் காத்திருந்தனர். விளக்க அவருக்கு நேரமில்லை. அதனை நானே கற்க நேர்ந்தது. கற்றதைச் சொல்லிக்கொடுக்காமல் இருப்பது ஆசிரியனுக்கு இயலாத செயலாகலின் இன்று உங்கள் முன் பேசுகிறேன்.

முதலில் ஒரு தடையை எதிர்கொண்டாக வேண்டும். என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர், கார் இருக்கைகள் செய்யும் ஆலை ஒன்றில் பணிபுரிபவர், ஒரு மாலை வீட்டுக்கு வந்தார். நான் மெத்தையைப் பற்றிக் கேட்டதும் சற்றுத் தயங்கி, “ஐயா, தவறாக எண்ணாதீர்கள். எங்கள் அறையில் எட்டுப் பேர் பாய் விரித்துப் படுக்கிறோம். நாய்க்கு மெத்தையா?” என்றார்.

“தம்பி, உன் இடுப்பு மூட்டு தேய்ந்திருக்கிறதா?” என்றேன்.

“இல்லை ஐயா.”

“தேய்ந்திருந்தால் உனக்கும் தேடித்தான் ஆகவேண்டும்” என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். ஆயினும் அவர் கேள்வி சிரித்துத் தள்ளிவிடக்கூடியதன்று. எட்டுப் பேர் ஓர் அறையில் பாயில் படுக்கும் ஊரில் நாய்க்குப் பட்டு மெத்தையும் பொத்தான் வைத்த தலையணையும் வாங்குவது எனக்கும் உவப்பானதன்று. நான் பேசுவது அலங்காரத்தைப் பற்றியன்று. நோயுற்ற ஓர் உடலின் எடையை எதன்மேல் கிடத்துவது என்பதே இங்குள்ள கேள்வி. அதற்குச் செலவும் மிகுதியாக வேண்டுவதில்லை. செலவு மிகுந்தவை பல அதற்கு உதவுவதும் இல்லை.

நாய்க்கு நன்றி பாராட்டுவது நம் நாட்டுக்குப் புதிதுமன்று. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உள்ளது. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. வீரன் ஒருவனுக்கு எடுத்த அக்கல்லில் அவன் அருகே அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கள்வரைக் கடித்துக் காவல் நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்பதும் பொறிக்கப்பட்டிருக்கிறது. நம் பாட்டன்மாரின் பெயர்களையே மறந்துவிடும் நமக்கு ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த நாயின் பெயர் தெரிகிறது. மறுபுறம், கிரேக்கக் கவி ஹோமரின் ஒடிசி காவியத்தில் ஆர்கோஸ் என்னும் நாய், இருபது ஆண்டு கழித்துத் திரும்பிய தலைவனை அடையாளங் கண்டு வாலைக் குழைத்து அங்கேயே உயிர் துறக்கிறது. அந்நாயின் விசுவாசத்தை எல்லாரும் எடுத்துச் சொல்வர். அது படுத்திருந்த இடத்தைக் கவி மறவாமல் குறித்திருப்பதை நான் கவனித்தேன். பேணுவார் இன்றி, உண்ணி மொய்க்க, வாயிலருகே சாணக் குவியலின்மேல் அது கிடந்தது. முதிய நாய் எங்கே படுக்கிறது என்பதைக் கொண்டு அந்த வீட்டின் நிலையையே அவர் காட்டிவிட்டார்.

இனி உடலின் அமைப்புக்கு வருவோம். மூட்டிலே இரண்டு எலும்பு முனைகள் சந்திக்கின்றன. ஒவ்வொரு முனையிலும் வழவழப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கும். இக்குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய்கள் இல்லை; மூட்டுக்குள் ஊறும் வழுவழுப்பான நீரிலிருந்தே அது ஊட்டம் பெறுகிறது. மூட்டு அசையும்போது கடற்பஞ்சு போல அமுங்கியும் விரிந்தும் அந்நீரை உறிஞ்சிக்கொள்கிறது. முதுமையினாலோ, பிறவியிலேயே இடுப்புக் குழி சரியாகப் பொருந்தாமையினாலோ, மிகுந்த எடையினாலோ அது தேய்ந்துவிட்டால் மூட்டு வீங்கி நோகும். நீண்ட நேரம் அசையாமல் கிடந்த பிறகு விறைப்பு மிகும். காலையில் வீரன் தடுமாறியதற்கும் பத்து அடி நடந்தபின் தேறியதற்கும் காரணம் இதுவே. நாய் தன் எடையில் ஏறத்தாழ நூற்றுக்கு அறுபது பங்கை முன்னங்கால்களில் தாங்குகிறது. பின்னங்கால் நொந்தால் இன்னும் மிகுதியாக முன்னே சாய்க்கும். ஆகவே இடுப்பு நோய் நாளடைவில் முழங்கைக்கும் தோளுக்கும் பாரமாகிவிடும்.

முதிய நாய் ஒரு நாளில் பாதிக்கு மேற்பட்ட நேரம் படுத்தே இருக்கிறது. அந்த நேரத்தில் உடலின் எடை எங்கே இறங்குகிறது என்று கணக்கிடுவோம். இயற்பியல் வகுப்பில் அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்துக் கிடைப்பது என்று படித்திருப்பீர்கள். தேர்வுக்குப் பிறகு அதற்கு வேலையே இல்லை என்று எண்ணியவர்களுக்கு இதோ வேலை. 30 கிலோகிராம் எடையுள்ள நாய் ஒன்று கல்தரையில் ஒருபுறமாகப் படுக்கிறது என்று கொள்வோம். தரை வளைந்து கொடுக்காது. ஆகவே தோள், முழங்கை, இடுப்பெலும்பு, கணுக்கால் ஆகிய மேடுகளே எடையைத் தாங்கும். தரையைத் தொடும் பரப்பு 150 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 200 கிராம் எடை விழுகிறது. அதே நாயைத் தக்க மெத்தையில் கிடத்தி, மேடுகள் சிறிது அமிழ்ந்து வயிறும் தொடையும் எடையைப் பகிர்ந்துகொள்ளுமாறு செய்து, பரப்பை 900 சதுர சென்டிமீட்டர் ஆக்கினால் எடை சுமார் 33 கிராமாகக் குறைந்துவிடும். இந்தப் பரப்புகள் நான் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் நாய்க்கு வேறாக இருக்கும்.

இவ்வேறுபாட்டால் என்ன ஆகும்? 1930-இல் லாண்டிஸ் என்னும் அறிஞர் மனிதரின் நுண்ணிய இரத்தக் குழாய்களிலுள்ள அழுத்தத்தை அளந்தார். தமனிப் பக்கத்தில் அது சராசரி 32 மில்லிமீட்டர் பாதரசம் என்று கண்டார். நம் கணக்கில் சொன்னால் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 43 கிராம். வெளியிலிருந்து அழுத்தும் பாரம் இதனை நெடுநேரம் மீறினால் அவ்விடத்தில் இரத்த ஓட்டம் தடைப்பட்டுத் தோல் நலிகிறது. படுக்கையில் நெடுநாள் கிடக்கும் நோயாளிக்குப் புண் வருவது இதனால்தான். நாய்க்கும் அப்படியே இதே எண் என்று கொள்ள வேண்டா. 200-க்கும் 33-க்கும் இடையே உடலுக்கு என்ன நேர்கிறது என்பது விளங்கினால் போதும்.

ஆகவே மெத்தை செய்ய வேண்டிய வேலை இரண்டு. எலும்பு மேடுகள் அமிழ்வதற்கு இடங்கொடுக்க வேண்டும். அமிழ்ந்த மேடு அடித்தரையைத் தொட்டுவிடாமல் தாங்கவும் வேண்டும். முதல் வேலையை மட்டும் செய்யும் மெத்தைகளே கடைகளில் மிகுதி. கையால் அமுக்கியவுடன் மெத்தென்று இருக்கிறதே என்று மகிழ்ந்து வாங்கிவிடுகிறோம். நாய் படுத்தவுடன் இடுப்பு நேரே தரையில் இடிக்கிறது. இதைக் கண்டறிய எளிய வழி உண்டு. மெத்தையைத் தரையில் போட்டு அதன்மேல் ஒரு முழங்காலை ஊன்றி உடல் எடையைச் சிறிது செலுத்துங்கள். தரை முழங்காலில் தட்டுப்பட்டால் அம்மெத்தை பெரிய நாய்க்கு உதவாது. கடைக்காரர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

‘ஆர்த்தோபீடிக்’ என்னும் சொல்லைப் பற்றியும் கூற வேண்டும். நாய்ப் படுக்கைகளின் உறைமேல் இச்சொல் பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். 1741-இல் பிரெஞ்சு மருத்துவர் நிக்கோலா ஆந்திரி தம் நூலுக்குப் பெயராகப் படைத்த சொல் இது. நேராக்குதல், குழந்தை என்னும் பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களை இணைத்தார். குழந்தைகளின் உடற்கோணலைத் திருத்தும் கலை என்பது அவர் கருத்து. அச்சொல் பிறகு எலும்பு மருத்துவம் முழுமைக்கும் பெயராயிற்று. அங்கிருந்து நாற்காலிக்கும், செருப்புக்கும், இப்போது நாயின் மெத்தைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. மெத்தையின்மேல் அச்சிட்ட அச்சொல் எந்தத் தடிப்பையும் எந்த அடர்த்தியையும் குறிப்பதாகாது. அதனைப் படித்துவிட்டு, உறையின் ஜிப்பைத் திறந்து உள்ளே இருப்பதைப் பாருங்கள். துண்டு துணுக்குகளாக நுரைச் சீவல்கள் அடைத்திருந்தால் சில வாரங்களில் அவை ஓரங்களுக்கு ஒதுங்கி நடுவில் வெற்றுத் துணியே எஞ்சும். ஒரே பாளமாக இருப்பதே வேண்டும்.

அந்தப் பாளம் எப்படி உண்டாகிறது என்பதை என் மாணவரிடம் கேட்டறிந்தேன். ஆசிரியன் மாணவனாகவும் மாணவன் ஆசிரியனாகவும் இருந்த அந்த மாலை எனக்கு மிக இனியது. 1937-இல் ஜெர்மனியில் ஓட்டோ பேயர் என்னும் வேதியியலார் கண்ட பாலியூரித்தேன் என்னும் பொருளே இதற்கு மூலம். பாலியால், ஐசோசயனேட் என்னும் இரண்டு திரவங்களைச் சிறிது தண்ணீருடன் கலக்கின்றனர். தண்ணீரும் ஐசோசயனேட்டும் வினைபுரிந்து கரியமிலவாயு வெளிப்படுகிறது. இட்லி மாவு பொங்குவது போலக் கலவை பொங்கி, பொங்கிய நிலையிலேயே இறுகிவிடுகிறது. கார் இருக்கைக்காக இதனை அச்சுக்குள் ஊற்றுகின்றனர். அச்சிலிருந்து எடுத்த சூட்டோடு, அந்த இருக்கையை உருளைகளுக்கிடையே செலுத்தி நசுக்குகின்றனர் என்று அவர் சொன்னபோது நான் வியப்புற்றேன். “நசுக்காவிட்டால் உள்ளே மூடியிருக்கும் அறைகள் திறவா ஐயா, ஆறும்போது அப்படியே சுருங்கிப் போய்விடும்” என்றார். அறைகள் திறந்து காற்று உள்ளே போய் வருவதனால்தான் நுரை மீண்டும் மீண்டும் நிமிர்கிறது.

நுரையின் அடர்த்தி வேறு, கடினம் வேறு என்பதை அவர் வற்புறுத்தினார். கடினமான நுரை மலிவானதாகவும் இருக்கலாம். மென்மையான நுரை அடர்ந்ததாகவும் இருக்கலாம். நெடுநாள் உழைப்பது பெரும்பாலும் அடர்த்தியைப் பொறுத்தது. மெத்தைக் கடைகளில் ‘முப்பத்திரண்டு டென்சிட்டி’, ‘நாற்பது டென்சிட்டி’ என்று சொல்வார்கள். ஒரு கன மீட்டர் நுரை அத்தனை கிலோகிராம் எடை உள்ளது என்பது பொருள். இதனைக் கடைக்காரர் சொல்லித்தான் நம்ப வேண்டும் என்பதில்லை. தராசும் அளவு நாடாவும் போதும். 120 சென்டிமீட்டர் நீளம், 75 சென்டிமீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் தடிப்புள்ள பாளத்தின் கன அளவு 0.09 கன மீட்டர். அது 32 டென்சிட்டியானால் 2.88 கிலோகிராம் இருக்க வேண்டும்; 40 ஆனால் 3.6 கிலோகிராம். தராசு 1.6 கிலோகிராம் காட்டினால் உங்களுக்குக் கொடுக்கப்படுவது 18 டென்சிட்டிச் சரக்கு. அது சோபாவின் சாய்வுப் பகுதிக்கு ஆகும். 30 கிலோகிராம் நாயின் இடுப்புக்கு ஆகாது. எடை கூட்டுவதற்காகச் சுண்ணாம்புத் தூள் கலந்த நுரையும் சந்தையில் உண்டு. ஆதலால் எடையைப் பார்த்தபின் கட்டைவிரலால் அழுத்தி, பள்ளம் உடனே நிமிர்கிறதா, தூள் உதிர்கிறதா என்றும் பார்த்துக்கொள்வது நலம்.

இன்னொரு வகை நுரை இப்போது பெரிதும் போற்றப்படுகிறது. அமுக்கினால் கைத்தடம் சிறிது நேரம் நிற்கும். பிறகு மெல்ல மறையும். 1966-இல் அமெரிக்க விண்வெளி அமைப்பாகிய நாசாவுக்காக, விமான இருக்கையின் திண்டாகச் சார்ல்ஸ் யோஸ்ட் என்பவர் இதனை உருவாக்கினார். எலும்பு மேடுகளுக்கு ஏற்ப இது வளைந்து கொடுப்பது உண்மையே. ஆனால் குளிரில் விறைப்பதும் வெப்பத்தில் இளகுவதும் இதன் இயல்பு. குளிர்நாடுகளில் எழுதப்பட்ட பாராட்டுரைகளை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளலாகாது. சித்திரை, வைகாசியில் நம் வட்டாரத்தில் 40 டிகிரி செல்சியசைத் தாண்டும் நாட்கள் உண்டு. அப்போது இந்நுரை மிகவும் இளகி, நாயின் உடலைச் சூழ்ந்துகொண்டு சூட்டை வெளிவிடாமல் நிறுத்துகிறது. நாய்க்கு நம்மைப் போல உடலெங்கும் வியர்ப்பதில்லை; நாக்கை நீட்டி மூச்சிரைத்தும், குளிர்ந்த தரையில் வயிற்றை வைத்தும் தான் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. மேலும், இளகிய நுரையில் ஆழ்ந்த கிழநாய் எழும்போது ஊன்றுவதற்குப் பிடிப்பில்லாமல் சேற்றில் சிக்கிய மாடு போலத் தவிக்கும். குளிரூட்டிய அறையில் வாழும் நாய்க்கு இது ஏற்றதாகலாம். ஒரகடத்துத் திண்ணைக்கு நான் இதனைத் தேரேன்.

நம் பழம்பொருள்களை விட்டுவிடலாமா? இலவம்பஞ்சு மென்மையானது, காற்றோட்டமுள்ளது. ஆனால் ஒரே இடத்தில் நாள்தோறும் பாரம் விழுந்தால் கட்டிதட்டிப் போகும். பருத்தி மெத்தையும் அவ்வாறே. ஈரம் பட்டால் உலர்வதும் அரிது. கயிற்றுக்கட்டில் கோடையில் இன்பந்தான். எனினும் நடுவே தொய்ந்து முதுகை வளைக்கும், ஏறி இறங்குவதும் நோயுற்ற காலுக்குத் துன்பம். இரப்பர்ப்பால் தெளித்து இறுக்கிய தென்னைநார்ப் பாளம் மட்டும் என் உள்ளத்தைக் கவர்ந்தது. அது வளையாமல் தாங்கும். காற்றும் அதனூடே புகும். மேலே மட்டும் சிறிது மென்மை வேண்டும். அடியில் நார்ப் பாளம், மேலே நுரை என்று அமைத்தால் நன்றாயிருக்கும்.

வீரனுக்காகக் காஞ்சிபுரத்து மெத்தைக் கடை ஒன்றில் நான் செய்வித்தது இதுதான்: அடியில் இரண்டு அங்குலத் தடிப்பில், வெட்டி எஞ்சிய நுரைத் துண்டுகளை அரைத்து ஒட்டிச் செய்த கெட்டியான பாளம்; அதன்மேல் மூன்று அங்குலத்தில் 40 டென்சிட்டியுள்ள நல்ல நுரை. கீழ்ப் பாளம் தரையைத் தொடவிடாது. மேற்பாளம் எலும்புக்கு இடங்கொடுக்கும். பெரிய எழுத்து அச்சிட்ட ஆயத்தப் படுக்கையைவிட விலையும் குறைவாகவே வந்தது.

அளவெடுப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. சுருண்டு படுத்திருக்கும் நாயை அளக்கக்கூடாது. நல்ல உறக்கத்தில் ஒருக்களித்து நீட்டிப் படுத்திருக்கும்போது மூக்கு நுனி முதல் வால் தொடங்கும் இடம் வரை அளந்து, ஒரு சாண் கூட்டிக்கொள்ளுங்கள். மூட்டு நோயுள்ள நாய் கால்களை மடக்க விரும்பாமல் நீட்டியே படுக்கும். கால் வெளியே தொங்கினால் படுக்கையால் பயனில்லை. சுற்றிலும் கரை உயர்ந்த படுக்கையானால் ஒரு பக்கமேனும் கரை இல்லாமல் இருக்க வேண்டும்.

உறை பற்றிச் சொல்லாவிட்டால் வீட்டிலுள்ள தாய்மார்கள் என்னை மன்னிக்கமாட்டார்கள். கிழநாய் சில இரவுகளில் படுக்கையை நனைத்துவிடும். நுரையில் சிறுநீர் இறங்கினால் அந்த நாற்றம் போவதில்லை. ஆகையால் நுரையை ஒட்டி நீர் புகாத மெல்லிய உள்ளுறையும், அதன்மேல் கழற்றித் துவைக்கத்தக்க முரட்டுப் பருத்தி உறையும் வேண்டும். துடைப்பது எளிது என்று ரெக்சினையே மேலுறையாகப் போடுகின்றனர். அது சூடேறும், வழுக்கும். உறையின் மடிப்புகளில் உண்ணிகள் ஒளிந்து முட்டையிடும். நாய்க்கு உயிருக்கே ஊறு செய்யும் காய்ச்சலை அவை பரப்பக்கூடும். வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைத்து நல்ல வெயிலில் உலர்த்துங்கள். உறைக்குத்தான் வெயில், நுரைக்கு நிழல். பஞ்சு மெத்தையை வெயிலில் போட்டுத் தட்டுவது நம் வழக்கம். பாலியூரித்தேன் நுரை வெயில் பட்டால் மஞ்சளித்து உதிரத் தொடங்கும். கடிக்கும் பழக்கமுள்ள இளநாய்க்கு இவ்வகைப் படுக்கையே வேண்டா. விழுங்கிய நுரைத்துண்டு குடலை அடைத்துவிடும்.

டைல்ஸ் தரையைப் பற்றி ஒரு வார்த்தை. சாணம் மெழுகிய தரையிலும் சிமெண்டுத் தரையிலும் நாயின் நகத்துக்குப் பிடிப்பு இருந்தது. இப்போதைய வழவழப்பான தரையில் கிழநாயின் பின்னங்கால்கள் இருபுறமும் விலகிச் சரிகின்றன. படுக்கையே நழுவினால் கேட்க வேண்டுவதில்லை. படுக்கையின் அடியில் இரப்பர் விரிப்பு ஒன்று போட்டு, அங்கிருந்து வாயில் வரை சாக்கோ நார்விரிப்போ போட்டுவிடுங்கள். வீரனின் காலை நேரத் தடுமாற்றம் பாதி குறைந்தது மெத்தையால் அன்று, இந்தச் சாக்கு விரிப்பால் என்று என் மனைவி சொல்கிறாள். அவள் சொல்வதே சரியாயிருக்கலாம்.

புதிய படுக்கையில் வீரன் உடனே படுத்துவிடவில்லை. நுரையின் புதுமணம் நீங்குவதற்காக நான்கு நாள் காற்றாட வைத்திருந்தும், அதனைச் சுற்றி வந்து முகர்ந்து, பக்கத்திலிருந்த வெறுந்தரையிலேயே படுத்தது. என் பழைய வேட்டி ஒன்றை அதன்மேல் விரித்தேன். அடுத்த இரவு முன்னங்கால்கள் மட்டும் மெத்தையில் இருந்தன. மூன்றாம் வாரத்தில் முழு உடலும் ஏறிற்று. பகலில் சூடு மிகும்போது இப்போதும் தரைக்கே போய்விடுகிறது; நான் தடுப்பதில்லை. தனக்கு எப்போது எது வேண்டும் என்பது அதற்குத் தெரிகிறது.

படுக்கை மருந்தன்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். எடை மிகுந்த நாய்க்கு எடையைக் குறைப்பதே முதல் உதவி. நகம் நீண்டால் கால் ஊன்றும் விதமே மாறிவிடும். நொண்டுகிறதே என்று இரங்கி, நாம் விழுங்கும் வலி மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுப்பவர்களைக் கண்டிருக்கிறேன். இபுப்ரூஃபன் முதலிய மாத்திரைகள் நாயின் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுத்து உயிரையே பறிக்கக்கூடியவை. அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்துக்குச் செல்லுங்கள். நோய் கடுமையானால் 1903-இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை வேப்பேரியில் இருக்கிறது.

ஆலை வாயில்களில் படுக்கும் நாய்களுக்கு நுரைப் பாளமும் இரட்டை உறையும் யார் வாங்கித் தருவார்கள் என்று நீங்கள் கேட்கலாம். என் மாணவர் இதற்கு ஒரு வழி கண்டார். சரக்கு வந்திறங்கும் மரத் தட்டு ஒன்றை மேலாளரிடம் கேட்டு வாங்கி, நான்கு விரற்கடை உயரமுள்ள ஒரு பலகையாக அறுத்து, அதன்மேல் பழைய தென்னைநார் விரிப்பை நான்காக மடித்துப் போட்டு, அரிசிச் சாக்கால் உறை தைத்துக் காவற்கூண்டின் ஓரத்தில் வைத்தார். மழைக்காலத்தில் தரை ஈரம் ஏறுவதில்லை. கோடையில் அடியிலும் காற்றோடுகிறது. சாக்கு கிழிந்தால் வேறு சாக்கு. முழங்கையில் வீக்கம் கண்டிருந்த அந்த வாயில் நாய் முதல் இரவே அதில் ஏறிப் படுத்ததாம். என் வீட்டு நாயைப் போல மூன்று வாரம் யோசிக்கவில்லை.

ஒன்று மட்டும் மீதமிருக்கிறது. எந்த நுரையும் நிலைத்திருப்பதில்லை. வாங்கிய அன்றே அதன் தடிப்பை அளந்து உறையின் உட்புறத்தில் மையால் எழுதி வையுங்கள். ஆறு மாதத்திற்கு ஒருமுறை, நாய் எழுந்து வெளியே சென்ற காலை வேளையில், இடுப்பு படும் இடத்தை மீண்டும் அளவுகோலால் அளந்து பாருங்கள். ஐந்து அங்குலம் நான்காகிவிட்டிருந்தால் பாளத்தைத் தலைகீழாகத் திருப்பிப் போடலாம். திருப்பிய பக்கமும் அவ்வாறு ஆகிவிட்டால் மேற்பாளத்தை மட்டும் மாற்றினால் போதும், அடிப்பாளம் இன்னும் சில ஆண்டு உழைக்கும்.